டவர் இல்லாத ரோட்டிலும் பாட்டு நிற்காது.. கார்களில் சாட்டிலைட் ரேடியோ எப்படி வேலை செய்கிறது? முழு விவரம்

அமெரிக்காவின் யூட்டா மாநிலம். ஐ-70 நெடுஞ்சாலையில் கிரீன் ரிவர் என்ற சின்ன ஊரைத் தாண்டினால், அடுத்த ஊரான சலைனா வரும் வரை சுமார் 175 கிலோமீட்டர். நடுவில் பெட்ரோல் பங்க் கிடையாது. சாப்பாட்டுக் கடை கிடையாது. அமெரிக்காவின் இன்டர்ஸ்டேட் நெடுஞ்சாலைகளில் இப்படி ஒரு வசதியும் இல்லாமல் நீளும் பகுதிகளிலேயே மிக நீளமானது இதுதான்.

இந்த மாதிரி ரோட்டில் முதலில் கைவிடுவது எஃப்.எம். ரேடியோ. பாட்டு கரகரக்கும், அப்புறம் வெறும் இரைச்சல்தான். மலைகளுக்கு நடுவில் போகப் போக செல்போன் சிக்னலும் குறையும். ஆனால் பக்கத்தில் போகும் இன்னொரு காரில், கிளம்பிய ஊரில் கேட்ட அதே சேனல் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். காரணம், சாட்டிலைட் ரேடியோ.

இது எப்படி வேலை செய்கிறது? காசு கொடுத்து வாங்க வேண்டிய விஷயமா? ஆபத்து நேரத்தில் இதை நம்பலாமா? அமெரிக்கா, கனடாவில் இருக்கும் பிள்ளைகளைப் பார்க்கப் போய், அங்கே காரில் நீண்ட பயணம் செய்பவர்களும் தெரிந்துகொள்ள வேண்டிய விவரங்கள் இதோ.

எஃப்.எம். ஏன் பாதி வழியில் விட்டுப் போகிறது?

எஃப்.எம். அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும். பூமி வளைவாக இருப்பதால் ஒரு கோபுரத்தில் இருந்து கிளம்பும் சிக்னல் குறிப்பிட்ட தூரத்துக்கு மேல் தரையில் இருக்கும் காரை எட்டாது. நல்ல சக்தி வாய்ந்த நிலையம் என்றாலும் பெரும்பாலும் 60, 80 கிலோமீட்டர் தாண்டினால் தெளிவு போய்விடும். நடுவில் மலை இருந்தால் அதற்கும் முன்னாடியே போய்விடும்.

லாஸ் ஏஞ்சலஸில் இருந்து நியூயார்க் வரை சாலை வழியாகச் சுமார் 4,500 கிலோமீட்டர். வழி முழுக்க எஃப்.எம். கேட்க வேண்டும் என்றால் ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை புது நிலையம் தேட வேண்டும். இந்தச் சிக்கலில் இருந்துதான் சாட்டிலைட் ரேடியோ தொழிலே பிறந்தது.

சாட்டிலைட் ரேடியோ என்றால் என்ன?

கோபுரத்துக்குப் பதிலாக விண்வெளியில் இருக்கும் செயற்கைக்கோளில் இருந்து நேராக உங்கள் காருக்கு வரும் டிஜிட்டல் ஒலிபரப்பு. வீட்டு மாடியில் டிடிஎச் டிஷ் வைத்து டிவி பார்க்கிறோமே, அதன் ரேடியோ வடிவம் என்று சொல்லலாம். ஒரே வித்தியாசம், இங்கே டிஷ் தேவையில்லை. கார் கூரையில் சுறா மீனின் துடுப்பு மாதிரி ஒரு சின்ன ஆன்டெனா போதும்.

அமெரிக்காவில் இதற்காக 2.3 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் தனி அலைவரிசை ஒதுக்கப்பட்டு, 1997-ல் ஏலம் நடந்தது. எக்ஸ்எம், சிரியஸ் என்று இரண்டு நிறுவனங்கள் களத்துக்கு வந்தன. எக்ஸ்எம் 2001 செப்டம்பரிலும், சிரியஸ் 2002 பிப்ரவரியிலும் சேவையைத் தொடங்கின. இரண்டும் போட்டி போட்டுச் செலவு செய்தன. ஹோவர்ட் ஸ்டெர்ன் என்ற பிரபல ரேடியோ தொகுப்பாளருக்கு மட்டும் 5 ஆண்டுகளுக்குச் சுமார் 50 கோடி டாலர் மதிப்பிலான ஒப்பந்தத்தைச் சிரியஸ் கொடுத்தது. கடைசியில் 2008-ல் இரண்டும் ஒன்றாக இணைந்து சிரியஸ்எக்ஸ்எம் ஆனது. இன்று சந்தாதாரர்கள் 3 கோடிக்கும் மேல்.

விண்வெளியில் இருந்து கார் வரை.. என்ன நடக்கிறது?

முதலில் ஸ்டுடியோவில் இருந்து நிகழ்ச்சிகள் தரை நிலையத்துக்குப் போகும். அங்கிருந்து செயற்கைக்கோளுக்கு ஏற்றப்படும். பூமியில் இருந்து சுமார் 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றும் இந்தச் செயற்கைக்கோள் தரையில் இருந்து பார்த்தால் ஒரே இடத்தில் நிற்பது போலத் தெரியும். அது சிக்னலை அமெரிக்கக் கண்டம் முழுக்கக் கொட்டும். காரில் இருக்கும் ரிசீவர் அதைப் பிடித்து, நீங்கள் சந்தா கட்டிய சேனல்களை மட்டும் திறந்து விடும்.

எக்ஸ்எம் முதலில் அனுப்பிய இரண்டு செயற்கைக்கோள்களுக்கு வைத்த பெயர் 'ராக்', 'ரோல்'. பின்னால் போனவை 'ரிதம்', 'புளூஸ்'. பாட்டுக் கம்பெனி என்பதைப் பெயரிலேயே காட்டிவிட்டார்கள்.

செயற்கைக்கோள் பழுதானால்? 2020 டிசம்பரில் ஏவப்பட்ட எஸ்எக்ஸ்எம்-7, சோதனை நிலையிலேயே பழுதாகி வீணானது. ஆனால் கேட்பவர்களுக்குச் சேவை நிற்கவில்லை. பழைய செயற்கைக்கோள்கள் தொடர்ந்து வேலை செய்தன. அடுத்ததாக எஸ்எக்ஸ்எம்-8 2021 ஜூனில் போய்ச் சேர்ந்தது.

பாலத்துக்குக் கீழே போனாலும் பாட்டு நிற்பதில்லையே, எப்படி?

வானம் மறைந்தால் சிக்னல் வராது. அப்படியென்றால் ஒவ்வொரு மேம்பாலத்தின் கீழும் பாட்டு கட் ஆக வேண்டுமே? ஆகாமல் இருக்க இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன.

முதலாவது, நேர இடைவெளி. ஒரே நிகழ்ச்சி இரண்டு செயற்கைக்கோள்களில் இருந்து வருகிறது. ஒன்றில் வருவது சுமார் 4 நொடி முன்னாடி, இன்னொன்றில் வருவது 4 நொடி பின்னாடி. முன்னாடி வந்ததை ரிசீவர் சேமித்து வைத்துக்கொள்ளும். பாலத்தின் கீழே போகும் அந்த ஓரிரு நொடிக்கு, கையிருப்பில் இருப்பதை எடுத்து ஒலிக்கும். மணிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் 4 நொடிக்குள் கார் 110 மீட்டர் தாண்டிவிடும். சாதாரண மேம்பாலத்தைக் கடக்க இது தாராளம்.

இரண்டாவது, தரைவழி ரிப்பீட்டர்கள். நியூயார்க், சிகாகோ மாதிரி உயரமான கட்டிடங்கள் நிறைந்த நகரங்களில் வானமே சரியாகத் தெரியாது. அங்கே செயற்கைக்கோள் நிகழ்ச்சியைத் திரும்ப ஒலிபரப்பும் கோபுரங்கள் வைத்திருக்கிறார்கள். கார் எதில் இருந்து சிக்னல் எடுக்கிறது என்பது உங்களுக்குத் தெரியவே தெரியாது.

அப்போ எங்கேதான் கட் ஆகும்?

நீளமான சுரங்கப்பாதை, அடித்தள பார்க்கிங், பெட்ரோல் பங்க் கூரையின் கீழ் நிற்கும்போது கட் ஆகலாம். அடர்த்தியான மரங்கள் மூடிய காட்டு ரோட்டிலும் விட்டு விட்டுக் கேட்கும். இலைகளில் இருக்கும் ஈரம் இந்த அலைகளை உறிஞ்சிக்கொள்ளும்.

இன்னொரு முக்கியமான விஷயம், திசை. இந்தச் செயற்கைக்கோள்கள் நிலநடுக்கோட்டுக்கு மேலே இருப்பதால் அமெரிக்காவில் இருந்து பார்த்தால் தெற்குப் பக்க வானத்தில் இருக்கும். ரோட்டின் தெற்குப் பக்கம் செங்குத்தான மலை இருந்தால் சிக்னல் தடைபடும். வடக்கே போகப் போகச் செயற்கைக்கோள் அடிவானத்துக்கு அருகே தாழ்வாகத் தெரியும் என்பதால் சின்ன மலையும் மறைக்கும்.

மழையால் பெரிய பாதிப்பு இருக்காது. டிடிஎச் டிவி மழைக்கு நிற்கிறதே என்று நினைக்கலாம். அது இதைவிடப் பல மடங்கு உயர்ந்த அலைவரிசையில் வருவதால்தான் அந்தப் பிரச்சினை. ஆனால் ஆன்டெனா மேலே பனி கெட்டியாக உறைந்தால் துடைத்துவிட வேண்டும்.

கிளம்பும் முன் என்ன செய்யணும்?

1. சந்தா உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். சேனல் 0-க்குப் போனால் ரேடியோவின் அடையாள எண் திரையில் வரும். சந்தா தொடங்கவும், பிரச்சினையைச் சொல்லவும் இந்த எண்தான் தேவை. போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

2. புதிதாகச் சந்தா கட்டினால் காரை வீட்டு ஷெட்டில் வைத்துக்கொண்டு காத்திருக்காதீர்கள். திறந்த வெளியில் நிறுத்தி, ரேடியோவை ஆன் செய்து வையுங்கள். சேனல்களைத் திறக்கும் உத்தரவும் வானத்தில் இருந்துதான் வர வேண்டும்.

3. கூரை மேல் லக்கேஜ் கட்டுபவர்கள் கவனிக்க வேண்டும். பெட்டி, சைக்கிள் ஸ்டாண்ட் போன்றவை ஆன்டெனாவை மறைத்தால் பயணம் முழுக்கத் தொல்லைதான்.

4. காரிலேயே வசதி இல்லையென்றால் தனியாக வாங்கிப் பொருத்தும் ரிசீவர்கள் உண்டு. காந்தம் வைத்த அதன் ஆன்டெனாவை டேஷ்போர்டுக்குள் ஒளித்து வைக்காமல், கூரையில் வானம் தெரியும்படி வைப்பதுதான் சரி.

5. பிடித்த சேனல்களை முன்கூட்டியே பட்டனில் சேமியுங்கள். ஓட்டிக்கொண்டே நூற்றுக்கும் மேற்பட்ட சேனல்களில் தேடுவது ஆபத்து. பக்கத்தில் இருப்பவரிடம் அந்த வேலையை விட்டுவிடுங்கள்.

6. வாடகைக் கார் என்றால், சேவை வாடகையிலேயே சேர்ந்ததா, தனிக் கட்டணமா என்று சாவி வாங்கும் முன் கேட்டுவிடுங்கள்.

ரோட்டில் இறங்கிய பிறகு ஒரு குழப்பம் வரும். அமெரிக்காவின் கண்டப் பகுதியில் மட்டும் நான்கு நேர மண்டலங்கள் இருக்கின்றன. இந்த ரேடியோவில் நிகழ்ச்சி நேரங்கள் பெரும்பாலும் கிழக்குக் கரை நேரப்படி சொல்லப்படும். இரவு 9 மணி நிகழ்ச்சி என்றால் கலிபோர்னியாவில் மாலை 6 மணிக்கே வந்துவிடும்.

ஆபத்து நேரத்தில் உதவுமா?

இங்குதான் பலரும் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். 'சாட்டிலைட்' என்ற பெயரைக் கேட்டதும், டவர் இல்லாத இடத்தில் இது காப்பாற்றும் என்று நினைப்பவர்கள் உண்டு. சாட்டிலைட் ரேடியோ பேசும், ஆனால் நீங்கள் பேசுவதைக் கேட்காது. கார் பஞ்சரானாலும், விபத்து நடந்தாலும், இதன் வழியாக யாரையும் கூப்பிட முடியாது. சிக்னல் மேலிருந்து கீழே வரும், அவ்வளவுதான்.

உதவி கேட்க வேண்டும் என்றால் அதற்குச் சாட்டிலைட் போன் அல்லது சாட்டிலைட் வழியாக மெசேஜ் அனுப்பும் கருவி வேண்டும். ஐபோன் 14 முதல் வந்த மாடல்களில், டவர் இல்லாத இடத்திலும் சாட்டிலைட் வழியாக அவசர உதவி கேட்கும் வசதி இருக்கிறது. அமெரிக்கா, கனடாவில் இது 2022 நவம்பரில் தொடங்கியது. அதற்கும் திறந்த வானம் தேவை.

இரண்டாவது குறை, உள்ளூர் எச்சரிக்கை. சாட்டிலைட் ரேடியோ நாடு முழுக்க ஒரே நிகழ்ச்சியைக் கொடுக்கும். நகரங்களில் இருக்கும் ரிப்பீட்டர்கள் கூட மேலிருந்து வருவதைத்தான் அப்படியே திரும்பச் சொல்ல வேண்டும். அந்த ஊருக்கென்று தனி நிகழ்ச்சி சேர்க்கக் கூடாது என்பது அமெரிக்க தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்சிசியின் விதி. உள்ளூர் வானொலி நிலையங்களின் பிழைப்பைக் காக்க வந்த கட்டுப்பாடு இது.

இதனால் என்ன ஆகும்? கன்சாஸ், ஓக்லஹோமா போன்ற சூறாவளிப் பகுதிகளில், 'இந்த மாவட்டத்தில் இன்னும் 15 நிமிடத்தில் சூறாவளி வரும், பாதுகாப்பான இடத்துக்குப் போங்கள்' என்ற அறிவிப்பு உள்ளூர் ஏ.எம்., எஃப்.எம். நிலையத்தில் வரும். நீங்களோ நாடு முழுக்க ஒலிக்கும் பாட்டுச் சேனலில் மூழ்கியிருப்பீர்கள். வானம் கறுத்தால் சாட்டிலைட்டை விட்டு உள்ளூர் நிலையத்துக்கு மாறுங்கள். அமெரிக்க வானிலைத் துறை 162 மெகாஹெர்ட்ஸ் பகுதியில் 24 மணி நேரமும் எச்சரிக்கை ஒலிபரப்புகிறது. அதைக் கேட்கும் சின்ன ரேடியோ ஒன்றைக் காரில் வைத்திருப்பது இன்னும் நல்லது. ரோடு நிலவரம் கேட்கப் பல மாநிலங்களில் 511 என்ற எண் இருக்கிறது.

போன் இருக்கே, இது எதுக்கு?

நியாயமான கேள்வி. நகரத்துக்குள்ளும் பெரிய நெடுஞ்சாலைகளிலும் மட்டும் ஓட்டுபவருக்கு போனில் ஓடும் பாட்டு ஆப் போதும். ஊரில் இருந்து கிளம்பும் முன் இளையராஜா பாட்டு நூறு டவுன்லோடு செய்து வைத்தால் சிக்னலே தேவையில்லை.

ஆனால் நேரலை வேண்டும் என்றால் கதை வேறு. டவர் இல்லாத இடத்தில் செய்திகளும், விளையாட்டு வர்ணனையும் டவுன்லோடு செய்ய முடியாது. நெவாடா வழியாகப் போகும் யு.எஸ். 50 சாலையை 'அமெரிக்காவின் மிகத் தனிமையான சாலை' என்று 1986-ல் லைஃப் இதழ் எழுதியது. மேற்கு வர்ஜீனியாவின் கிரீன் பேங்கில், ராட்சத ரேடியோ தொலைநோக்கிக்காக செல்போன் டவர்களுக்கே கடும் கட்டுப்பாடு. இப்படிப்பட்ட இடங்களில் வாரக்கணக்கில் ஓட்டுபவருக்கு சாட்டிலைட் ரேடியோ கைகொடுக்கும்.

இதை அதிகம் நம்பியிருப்பவர்களில் லாரி ஓட்டுநர்களும் உண்டு. அமெரிக்க விதிப்படி சரக்கு லாரி ஓட்டுநர் ஒரு பணி நாளில் அதிகபட்சம் 11 மணி நேரம் ஓட்டலாம். அத்தனை நேரம் தனியாக உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு மனிதக் குரல் துணை. இவர்களுக்காகவே 'ரோடு டாக் டிரக்கிங்' என்ற சேனல் நடக்கிறது.

ஒலித் தரத்தில் அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். குறைந்த அலைவரிசைக்குள் நிறைய சேனல்களை அடைப்பதால் ஒலி சுருக்கப்பட்டிருக்கும். நல்ல ஸ்பீக்கர் வைத்திருப்பவர்கள் வித்தியாசத்தைக் கண்டுபிடித்துவிடுவார்கள்.

எவ்வளவு செலவு? எதில் கவனம் தேவை?

புதுக் கார் வாங்கினால் பொதுவாக 3 மாதம் இலவசம். அதற்குப் பிறகு திட்டத்தைப் பொறுத்து மாதம் சுமார் 10 முதல் 25 டாலர் வரை. விளம்பரத்தில் சொல்லும் தொகைக்கு மேல் இசை ராயல்டி கட்டணமும் வரியும் சேரும். அதனால் கார்டு எண் கொடுக்கும் முன் மொத்தத் தொகை எவ்வளவு என்று பாருங்கள்.

அடுத்து, தானாகப் புதுப்பிக்கும் முறை. சலுகை விலையில் சேர்ந்தால், சலுகை முடிந்ததும் முழு விலை கார்டில் இருந்து எடுக்கப்படும். சேர்வது எளிது, வெளியே வருவது கஷ்டம் என்ற புகார் நீதிமன்றம் வரை போனது. சந்தாவை ரத்து செய்ய வருபவர்களை வேண்டுமென்றே இழுத்தடிப்பதாக 2023 டிசம்பரில் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் வழக்குப் போட்டார். ரத்து செய்யும் முறை அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் ஒன்றை மீறுவதாக 2024 நவம்பரில் நீதிமன்றம் சொன்னது.

எனவே சேரும் அன்றே, சலுகை முடியும் தேதிக்கு ஒரு வாரம் முன்பாக போனில் அலாரம் வைத்துவிடுங்கள். ஒரே ஒரு பயணத்துக்குத்தான் வேண்டும் என்றால் அந்த மாதத்தோடு நிறுத்திவிடுங்கள். காரை விற்கும்போதும் சந்தாவை நிறுத்த மறக்க வேண்டாம்.

இந்தியாவில் ஏன் இல்லை?

இருந்தது. நம்மில் பலருக்கு அது நினைவிருக்கும். எத்தியோப்பியாவில் பிறந்த நோவா சமாரா தொடங்கிய வேர்ல்ட்ஸ்பேஸ் நிறுவனம், 2000-ல் ஏவிய ஏசியாஸ்டார் செயற்கைக்கோள் வழியாக இந்தியாவுக்குச் சேவை கொடுத்தது. ஏ.ஆர். ரஹ்மான் அதன் விளம்பரத் தூதர். தமிழுக்கென்று கே.எல். ரேடியோ என்ற சேனலும் இருந்தது. விளம்பரமே இல்லாமல் நாள் முழுக்கப் பாட்டுக் கேட்ட அனுபவத்தை இன்றும் சொல்பவர்கள் உண்டு.

ஆனால் அது வீட்டு ரேடியோ. ஆன்டெனாவை ஜன்னல் ஓரமாக, செயற்கைக்கோள் இருக்கும் கிழக்குத் திசை பார்த்து வைக்க வேண்டும். தரையில் ரிப்பீட்டர்கள் இல்லாததால் ஓடும் காருக்குள் அது வரவில்லை. 2008-ல் தாய் நிறுவனம் திவால் பாதுகாப்பு கேட்டது. 2009 டிசம்பர் 31-ம் தேதியோடு இந்தியச் சேவை நின்றது. சந்தாதாரர்களில் மிகப் பெரும்பாலானோர் இந்தியர்கள்தான்.

ஜப்பானில் இதே போன்ற சேவை 2009-லும், தென் கொரியாவில் 2012-லும் மூடப்பட்டன. அமெரிக்காவில் மட்டும் இது நிலைத்ததற்கு முக்கியக் காரணம், கார் தயாரிக்கும்போதே ரிசீவரைப் பொருத்திவிட கார் நிறுவனங்கள் ஒப்புக்கொண்டதுதான். கூடவே ஊர் இல்லாத நீண்ட சாலைகளும் அங்கே ஏராளம்.

முடிவாக..

வாங்கலாமா வேண்டாமா என்பதற்கு ஒரே கேள்விதான். நீங்கள் ஓட்டும் ரோட்டில் டவர் இருக்கிறதா? இருந்தால் போன் போதும். இல்லையென்றால், மாதத்துக்கு இரண்டு மூன்று முறை அப்படிப் போனால், இந்தச் செலவு வீண் இல்லை.

ஆனால் அந்த ரோட்டுக்குக் கிளம்பும்போது பெட்ரோல் டேங்கை நிரப்புங்கள், தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள், எந்த வழியில் போகிறோம், எத்தனை மணிக்குச் சேருவோம் என்று வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிடுங்கள். பாட்டு கேட்டுக்கொண்டே இருக்கிறது என்பதற்காக, உதவியும் பக்கத்தில் இருக்கிறது என்று அர்த்தம் இல்லை.